8-வது பிக்கில் பெனிக்ஸ்! கசின்ஸுக்கு 18 கோடி எழுதிக் கொடுத்து ஆறே வாரம் (அட்லாண்டா ஃபால்கன்ஸ், டிராஃப்ட் 2024 இழை)

பீச்ட்ரீ_பாண்டி | 25 ஏப்ரல் 2024

அறிவிச்சாச்சு. என்எஃப்எல் (அமெரிக்கக் கால்பந்து) அணிகள் காலேஜ் வீரர்களை வரிசையா எடுக்குற டிராஃப்ட்ல நம்ம 8-வது பிக்: மைக்கேல் பெனிக்ஸ் ஜூனியர், குவார்ட்டர்பேக் (பந்தை எறிஞ்சு ஆட்டத்தை நடத்துறவர்), வாஷிங்டன் பல்கலைக்கழகம்.

மார்ச்ல இதே இடத்துக்கு வாங்கின கர்க் கசின்ஸுக்கு 4 வருஷம், 18 கோடி டாலர், அதுல 10 கோடி கியாரண்டி. இன்னிக்கு அவர் தலைக்கு மேலயே இன்னொருத்தர். இன்னும் ஒரு டிஃபென்ஸ் ஆள் கூட போகல. லாட்டு, டர்னர், வெர்ஸ், மர்ஃபி எல்லாரும் பலகையில அப்படியே இருக்காங்க. போன வருஷம் நமக்கு அதிகமா சாக் (எறியறதுக்கு முன்னாடியே குவார்ட்டர்பேக்கை வீழ்த்தறது) எடுத்துக் கொடுத்த ரெண்டு பேரும், கேம்பலும் டுப்ரீயும், ஆளுக்கு ஆறரை, ஒப்பந்தம் முடிஞ்சு ஃப்ரீ ஏஜென்சியில கிளம்பிட்டாங்க. அந்த இடம் காலி.

மூணு நாளும் இங்கேயே பேசலாம். ஒவ்வொரு பிக்குக்கும் புது இழை திறக்காதீங்க.

28க்கு3 | 25 ஏப்ரல் 2024

2021: பிட்ஸ், 4-வது பிக். 2022: லண்டன், 8. 2023: பிஜான், 8. 2024: பெனிக்ஸ், மறுபடியும் 8. நாலு வருஷம், நாலு டாப் 10 பிக், நாலும் அஃபென்ஸ். நம்ம ஆள் ஒருத்தர் ஒரு சீசன்ல 10 சாக் கடைசியா எடுத்தது எப்போ தெரியுமா? 2016. விக் பீஸ்லி, பதினைஞ்சரை. அவரும் 8-வது பிக்தான். அந்த நம்பர்ல டிஃபென்ஸ் ஆளையும் எடுக்கலாம்னு யாராச்சும் ஜெனரல் மேனேஜர் ஃபாண்டனோகிட்ட சொல்லுங்கப்பா.

நியூஆர்லியன்ஸ்_நல்லதம்பி | 25 ஏப்ரல் 2024

உங்க டிவிஷன் எதிரணி செயின்ட்ஸ் சார்பா நன்றி. வந்த வேலை முடிஞ்சது, கிளம்புறேன்.

கேப்_கணக்கன் | 25 ஏப்ரல் 2024

கோபப்படுறதுக்கு முன்னாடி கசின்ஸ் ஒப்பந்தத்தைப் பிரிச்சுப் பார்த்துடுங்க. எப்போ யார் ஆடுவாங்கன்னு தீர்மானிக்கப் போறது அந்தக் காகிதம்தான்.

சைனிங் போனஸ் 5 கோடி. பணம் கைக்கு உடனே போகும், ஆனா கேப் (அணிச் சம்பள உச்சவரம்பு) கணக்குல நாலா வகுத்து வருஷத்துக்கு 1.25 கோடியா விழும். 2024 சம்பளம் 1.25 கோடி. ஆக இந்த வருஷக் கேப் சுமை 2.5 கோடிதான். 2025 சம்பளம் 2.75 கோடி, அதுவும் கியாரண்டி. போனஸ் பங்கைச் சேர்த்தா 4 கோடி. 2025 மார்ச்ல லீக் வருஷம் தொடங்கி ஐந்தாம் நாள் அவர் அணியில இருந்தா, 2026-க்கான 1 கோடி ரோஸ்டர் போனஸும் உறுதியாயிடும். 5 + 1.25 + 2.75 + 1. மொத்தம் 10 கோடி, அதுதான் செய்தியில வந்த கியாரண்டி.

இப்போ வெட்டுற கணக்கு. 2024 முடிஞ்சதும் கழட்டி விட்டா, மீதி போனஸ் பங்கு 3.75 கோடி, 2025 சம்பளம் 2.75 கோடி, சேர்த்து 6.5 கோடி டெட் மணி (ஆள் போனாலும் கேப்ல நிக்கிற சுமை). யாரும் செய்ய மாட்டாங்க. 2025-க்கு அப்புறம்னா போனஸ் பங்குல பாக்கி 2.5 கோடிதான். அதாவது இது பேருக்கு நாலு வருஷ ஒப்பந்தம், நிஜத்துல ரெண்டு வருஷம்.

பெனிக்ஸ் பக்கம்: 8-வது பிக்குக்கு நாலு வருஷத்துக்குச் சுமார் 2.29 கோடி, முழுசும் கியாரண்டி. முதல் வருஷம் ஏறக்குறைய 42 லட்சம், அப்புறம் வருஷா வருஷம் ஏறக்குறைய 10 லட்சம் டாலர் கூடும். முதல் ரவுண்டு ஆளுங்கறதால ஐந்தாம் ஆண்டு ஆப்ஷன் உண்டு, 2028-க்கு. அதை 2027 மே மாசத்துக்குள்ள முடிவு பண்ணணும்.

முதல் ரவுண்டு குவார்ட்டர்பேக்கால வர்ற லாபமே அந்த மலிவான நாலு வருஷம்தான். அதுல ரெண்டை பெஞ்ச்ல உட்கார வெச்சே கரைக்கப் போறோம். ஆளைப் பத்தி எனக்குக் குறை இல்ல. ரெண்டு ரசீதும் ஒரே வருஷம் கிழிச்சதுதான் தப்பு.

பழைய_டேப் | 26 ஏப்ரல் 2024

பணக் கணக்கு இருக்கட்டும். ஆட்டத்தைப் பற்றிப் பேசுவோம், ஏனென்றால் "கூடாது" என்று கத்துகிறவர்களில் பாதிப் பேர் மிச்சிகனிடம் தோற்ற இறுதிப் போட்டியை மட்டும் பார்த்திருக்கிறார்கள்.

பெனிக்ஸின் பலம் வெளிக்கோட்டை ஒட்டிய ஆழமான பந்து. பின்வரிசைத் தடுப்பாளரான சேஃப்டி வந்து சேரும் முன், ரிசீவரை ஒட்டி நிற்கும் கார்னருக்குப் பின்னால், கோட்டிலிருந்து இரண்டு மூன்று கஜம் உள்ளே விழ வைக்கிறார். சுகர் பவுலில் டெக்சாஸுக்கு எதிராக 38 எறியில் 29 பிடிபட்டது, 430 கஜம். அந்த ஆட்டத்தில் அவர் பந்தை விடும் நேரத்தைக் கவனியுங்கள்: ரிசீவர் திரும்பும் முன்பே கை கிளம்பிவிடுகிறது. சாக் வாங்குவதும் குறைவு. அதில் அவருடைய முடிவெடுக்கும் வேகம் பாதி, மீதி அவரை முன்னால் நின்று காத்த வாஷிங்டன் லைன். அந்த லைன்தான் 2023-இல் நாட்டின் சிறந்த லைனுக்கான ஜோ மூர் விருதை வாங்கியது.

பலவீனம்: கால் நிலை. பாக்கெட்டின் (லைன் அமைக்கும் காப்பு வளையம்) நடுவிலிருந்து யாராவது முகத்துக்கு நேராக வந்தால் முன்காலை ஊன்றாமல் கையால் மட்டும் எறிகிறார், பந்து உயரே போகிறது. மிச்சிகன் அதைத்தான் செய்தது. ஓரத்திலிருந்து சுற்றி வருவதை விட்டுவிட்டு டிஃபென்சிவ் டேக்கிள்களை வைத்து நடுவை நெருக்கினார்கள். 51 எறியில் 27, இரண்டு இன்டர்செப்ஷன் (எதிரணி பிடித்த பந்து). என்எஃப்எல் அணி ஒவ்வொன்றும் அந்த டேப்பை வைத்துக்கொண்டு இதையே செய்யும். எனவே இவருக்கு நம் லைனின் ஓரத்தில் நிற்கும் டேக்கிள்களைவிட நடுவில் நிற்கும் கார்டும் சென்டரும் முக்கியம். வலது கார்டு லிண்ட்ஸ்ட்ரோம் இருக்கும்வரை வலப்பக்கக் கவலை குறைவு.

இன்னொன்று, இடது கைக்காரர். அவர் பார்வை படாத பக்கம் வலது. ஆக அவர் முதுகைக் காப்பது இடது டேக்கிள் ஜேக் மேத்யூஸ் அல்ல, வலது டேக்கிள் கேலப் மெக்கேரி. ஓட்டத் தடுப்பில் நல்லவர், பாஸ் தடுப்பில் ஓரத்திலிருந்து பாயும் வேகமான எட்ஜ் ஆட்களிடம் தடுமாறுகிறவர். ஓரமாக ஓடி எறியும் பூட்லெக் ஆட்டங்களெல்லாம் திசை மாற்றி எழுதவேண்டும். பந்தின் சுழற்சியும் எதிர்த்திசை. கசின்ஸிடம் பயிற்சி எடுக்கும் ரிசீவர்கள் இவரிடமும் தனியாக எடுத்தாக வேண்டும்.

ரெட்சோன்_ரேவதி | 26 ஏப்ரல் 2024

டேப் ஐயா எழுதினதோட காயப் பட்டியலையும் சேர்த்துக்கோங்க. இண்டியானாவுல இருந்த நாலு வருஷமும் சீசன் பாதியிலேயே முடிஞ்சது. 2018 வலது முழங்கால் ஏசிஎல் தசைநார், 2019 தோள் மூட்டு, 2020 மறுபடியும் அதே வலது ஏசிஎல், 2021 மறுபடியும் தோள். அப்புறம் வாஷிங்டன்ல ரெண்டு வருஷம், 13 + 15, ஒரு ஆட்டம் கூட விடல. ரெண்டுமே உண்மை. ஒண்ணை மட்டும் சொல்றவங்களை நம்பாதீங்க.

எனக்கு உறுத்துறது வயசு. எல்லாரும் கிரீன் பே மாதிரி மூத்த குவார்ட்டர்பேக் பின்னாடி உட்கார வெச்சு வளர்க்கலாம்னு சொல்றாங்களே, அங்க ஜோர்டன் லவ் 2020-ல டிராஃப்ட் ஆனப்ப 21. மூணு வருஷம் ராட்ஜர்ஸ் பின்னாடி உட்கார்ந்துட்டு 2023-ல முதல் சீசனைத் தொடங்குறப்பவும் 24-தான். நம்ம ஆளுக்கு மே 8-ல 24. லவ் காத்திருந்து முடிச்ச வயசுல இவர் காத்திருக்கவே ஆரம்பிக்கிறார். 2026-ல இறங்கினா 26. ஆப்ஷன் வருஷம் முடியறப்ப 28.

பீச்ட்ரீ_பாண்டி | 26 ஏப்ரல் 2024

ராட்ஜர்ஸுக்கும் லவ் வர்றப்ப 36, கசின்ஸுக்கும் ஆகஸ்ட்ல 36. ஒப்புமை அதோட நிக்குது. ராட்ஜர்ஸ் அங்க 15 வருஷமா இருந்தவர். கசின்ஸ் இன்னும் நம்ம ஹெல்மெட் போட்டு ஒரு ஸ்நாப் கூட வாங்கல, அக்கிலீஸ் (குதிகால் தசைநார்) வேற இப்பதான் ஆறிட்டு இருக்கு. நம்ம முறை வந்து கடிகாரம் ஓட ஆரம்பிச்ச அப்புறம்தான் அவருக்கு ஃபோன் போயிருக்கு. அவர் ஏஜெண்ட் வெளிப்படையாவே அதிர்ச்சின்னு சொல்லிட்டார்.

முத்துவேல்_மெர்சிடிஸ்பென்ஸ் | 26 ஏப்ரல் 2024

எல்லாரும் ஒரே பாட்டைப் பாடறீங்க, நான் எதிர்ப்பாட்டு பாடறேன்.

முதல் 12 பிக்ல ஆறு குவார்ட்டர்பேக். 10-ல மினசோட்டா மெக்கார்த்தி, 12-ல டென்வர் நிக்ஸ். 13-ல இருந்த ரெய்டர்ஸுக்கும் ஆள் தேவைதான். பெனிக்ஸை ரெண்டாம் ரவுண்டு வரை விட்டு வெச்சிருக்கலாம்னு சொல்றவங்க எந்த டிராஃப்ட் பார்த்தாங்கன்னு தெரியல. அடுத்த வருஷம் எடுக்கலாம்னா, கசின்ஸை வெச்சு 10 ஆட்டம் ஜெயிச்சா நம்ம பிக் 20-க்கு அப்பால போயிடும். அங்கேர்ந்து மேல ஏற ரெண்டு முதல் ரவுண்டு கொடுக்கணும். நல்ல அணியா ஆனதுக்கப்புறம் நல்ல குவார்ட்டர்பேக் கிடைக்க மாட்டான், இதான் இந்த லீக்கோட சாபம். மேட் ரையன் போனதுக்கப்புறம் மாரியோட்டா, ரிட்டர், ஹைனிக்கி. அந்த வரிசையைப் பார்த்துட்டும் அந்த இடத்துக்கு ரெண்டு ஆள் அதிகம்னு எப்படிச் சொல்றீங்க?

கேப்_கணக்கன் | 26 ஏப்ரல் 2024

முத்து, அந்த வாதம் சரி. ஆனா பெனிக்ஸ் மேல அவ்வளவு நம்பிக்கை இருந்தா மார்ச்ல ஒரு வருஷ ஒப்பந்தத்துல சும்மா ஒரு அனுபவசாலியைப் பிடிச்சிருந்தா போதுமே. மிச்சப் பணத்துல எட்ஜ் வாங்கியிருக்கலாம். கசின்ஸ் மேல நம்பிக்கை இருந்தா இந்த பிக் வேண்டாம். ரெண்டையும் செஞ்சா ரெண்டு மேலயும் நம்பிக்கை இல்லன்னுதான் வெளியிலேர்ந்து தெரியும்.

28க்கு3 | 26 ஏப்ரல் 2024, இரவு

ரெண்டாம் ரவுண்டு. அரிசோனாவோட பிக் மாத்திக்கிட்டு மேல ஏறி 35. ரூகே ஒர்ஹோர்ஹோரோ, டிஃபென்சிவ் டேக்கிள், கிளெம்சன். (ஒரு தடவை தட்டச்சு பண்ணிட்டேன், இனிமே ரூகேதான்.)

அப்பாடா டிஃபென்ஸ். ஆனா அடுத்த பிக்லயே, 36-ல, வாஷிங்டன் கமாண்டர்ஸ் ஜெர்சான் நியூட்டனை எடுத்துட்டாங்க! ஏறிப்போய் நியூட்டனைத் தாண்டி இவரையா?

பழைய_டேப் | 26 ஏப்ரல் 2024, இரவு

நியூட்டனுக்குக் கால் எலும்பு முறிவுக்கு அறுவை நடந்திருக்கிறது. ஆனால் அது மட்டும் காரணமில்லை. நியூட்டன் உயரம் குறைந்த, ஒரே இடைவெளியில் பாயும் 3-டெக் (கார்டின் வெளித்தோளில் நிற்கும் டிஃபென்சிவ் டேக்கிள்). ரூகே 294 பவுண்டு, நீளமான கை, நாற்பது கஜம் 4.89 விநாடி. அவரை கார்டுக்கு வெளியேயும் நிறுத்தலாம், டேக்கிளுக்கு நேராகவும் நிறுத்தலாம். இப்போது அங்கே ஆடும் ஜாரெட்டும் ஒன்யமாட்டாவும் முப்பதைத் தாண்டியவர்கள். ஜாரெட் வேறு போன அக்டோபரில் முழங்காலைக் கிழித்துக்கொண்டவர்.

குறை என்னவென்றால் ரூகே ஸ்நாப்புக்கு (பந்து ஆட்டத்துக்கு வரும் கணம்) அரை நொடி தாமதமாகக் கிளம்புகிறார். எதிராளியின் தோளைப் பார்த்து, அப்புறம் கையை நீட்டுகிறார். கூடைப்பந்திலிருந்து தாமதமாக வந்தவருக்கு இது இயல்பு. கற்றுக்கொடுக்கலாம், ஆனால் செப்டம்பருக்குள் அல்ல. பாஸ் ரஷ் இல்லை என்று அழுகிற அணிக்கு இது இந்த வருஷ மருந்தில்லை.

ரெட்சோன்_ரேவதி | 26 ஏப்ரல் 2024, இரவு

விலை என்ன ஆச்சு?

கேப்_கணக்கன் | 26 ஏப்ரல் 2024, இரவு

கொடுத்தது 43, 79. வாங்கினது 35, 186.

பழைய ஜிம்மி ஜான்சன் அட்டவணை (90-கள்ல டாலஸ் கௌபாய்ஸ் புழக்கத்துக்குக் கொண்டுவந்தது, முதல் பிக்குக்கு 3000 புள்ளி) எடுத்துக்கோங்க. 43-க்கு 470, 79-க்கு 195, நாம கொடுத்தது 665. 35-க்கு 550, 186-க்கு ஒரு 17, 18 புள்ளி. வந்தது 568-க்குள்ள. கிட்டத்தட்ட 97 புள்ளி நஷ்டம். 101-வது பிக்கோட மதிப்பு 96. அதாவது எட்டு இடம் முன்னேற, மூணாம் ரவுண்டு கடைசி பிக் ஒண்ணைக் கூடுதலா வெச்சுக் கொடுத்திருக்கோம்.

ஒரு எச்சரிக்கை. இந்த அட்டவணை டாப் பிக்குகளை அதிகமா மதிக்கும். 2011-ல ரூக்கி சம்பளத்தைக் குறைச்சதுக்கப்புறம் வந்த புது அட்டவணைகள் ரெண்டு, மூணாம் ரவுண்டுக்குக் கூடுதல் மதிப்பு கொடுக்கும். அதுல போட்டா நம்ம நஷ்டம் இன்னும் பெருசாத் தெரியும், குறையாது. 79-வது பிக் சும்மா வந்ததும் இல்ல. கால்வின் ரிட்லியை ஜாக்சன்வில்லுக்குக் கொடுத்து வாங்கினது.

முத்துவேல்_மெர்சிடிஸ்பென்ஸ் | 26 ஏப்ரல் 2024, இரவு

38-ல டென்னசி ஸ்வெட்டை எடுத்தாச்சு, 39-க்கு ராம்ஸ் ஏறி வந்து ஃபிஸ்க்கை எடுத்தாச்சு. 35-லேர்ந்து 39-க்குள்ள நாலு டிஃபென்சிவ் டேக்கிள். 43-ல உட்கார்ந்திருந்தா நாலு பேருமே போயிருப்பாங்க. பந்தி முடியறதுக்குள்ள இலை போட்டாங்க, அவ்வளவுதான். விலை கூடத்தான், ஆனா காரணம் இல்லாம இல்ல.

பீச்ட்ரீ_பாண்டி | 27 ஏப்ரல் 2024

மூணாம் ரவுண்டு 74: பிரேலன் டிரைஸ், எட்ஜ், வாஷிங்டன். நம்ம டிஃபென்ஸ் கோச் ஜிம்மி லேக் அங்கே பயிற்சியாளரா இருந்த காலத்துல சேர்ந்த பையன், ஆளைத் தெரிஞ்சு எடுத்திருக்காங்க. 2022-ல 9 சாக், 2023-ல 7. காலேஜ்ல 270 பவுண்டுக்கு மேல ஆடினவர், டிராஃப்டுக்கு முந்தின கம்பைன் சோதனையில 245-ல வந்து நின்னார், அப்பவும் நாற்பது கஜ ஓட்டம் 4.72 விநாடி. உடம்பைக் குறைச்சும் வேகம் கூடல, அதான் முதல் ரவுண்டுலேர்ந்து இங்க வரைக்கும் இறங்கினதுக்குக் காரணம்.

அப்புறம் இன்னிக்கு: 109 பிராண்டன் டார்லஸ் (ஓரகன், டிஃபென்சிவ் லைன்), 143 ஜே.டி. பெர்ட்ராண்ட் (நோட்ர டாம், லைன்பேக்கர்), 186 ஜேஸ் மெக்லெல்லன் (அலபாமா, ரன்னிங் பேக்), 187 கேசி வாஷிங்டன் (இல்லினாய், ரிசீவர்), 197 சயான் லோக் (ஜார்ஜியா, டிஃபென்சிவ் டேக்கிள்).

எட்டு பேர். கார்னர் ஒருத்தர் கூட இல்ல. நம்ம கார்னர் டெரலுக்கு எதிர்ப்பக்கம் யார் நிக்கறதுன்னு கேள்வி அப்படியே இருக்கு.

ரெட்சோன்_ரேவதி | 27 ஏப்ரல் 2024

மெக்லெல்லன் எதுக்கு? பிஜான் இருக்கார், ஆல்ஜியர் இருக்கார். அரிசோனா டிரேட்ல நமக்கு மிஞ்சின அந்த 186-தான் இவர். 79-வது பிக் உருண்டு திரண்டு மூணாவது ரன்னிங் பேக்கா வந்து நிக்குது.

டார்லஸைப் பத்தி டேப் ஐயா ஒரு வரி எழுதுங்களேன்.

பழைய_டேப் | 27 ஏப்ரல் 2024

எட்ஜுக்குக் கனம், உள்ளே நிற்பதற்கு லேசு. மூன்றாம் டவுனில் (பத்து கஜம் எடுக்கக் கிடைக்கும் நான்கு வாய்ப்பில் மூன்றாவது) கார்டுக்கு எதிராக நிறுத்தினால் கை வேகத்தால் ஜெயிப்பார். முதல் டவுனில் இரட்டைத் தடுப்பு வந்தால் பின்னால் போவார். நான்காம் ரவுண்டுக்கு இந்த மாதிரி ஆள்தான் கிடைப்பார். எனக்கு இந்த டிராஃப்டில் விலைக்கு மிகப் பொருத்தமாகப் படுவது இவர்தான். ஆனால் இரண்டு வருஷம் கொடுக்க வேண்டும்.

28க்கு3 | 27 ஏப்ரல் 2024

எல்லாருக்கும் ரெண்டு வருஷம். குவார்ட்டர்பேக்குக்கு ரெண்டு, ரூகேவுக்கு ஒண்ணு, டார்லஸுக்கு ரெண்டு. இந்த வருஷம் யார்யா ஆடுறது?

பீச்ட்ரீ_பாண்டி | 27 ஏப்ரல் 2024

என் மார்க், ஆளுக்கு மட்டும் போட்டா: பெனிக்ஸ் நல்ல பிக், ரூகே சரி, டிரைஸ் நல்ல பிக், மீதி நிரவல். திட்டத்துக்கு மார்க் போட்டா பாஸ் ஆகாது. 8-லேர்ந்து 11-க்கு இறங்கியிருந்தாலே அட்டவணைப்படி 150 புள்ளி (1400-க்கும் 1250-க்கும் இடையில), ஒரு நடு மூணாம் ரவுண்டு பிக் வந்திருக்கும். அங்கயும் முதல் டிஃபென்ஸ் ஆள் நமக்குத்தான். ஏன்னா லாட்டு போனதே 15-ல! முதல் 14 பேரும் அஃபென்ஸ்.

கேப்_கணக்கன் | 14 ஜூன் 2024

இழையை மேல கொண்டு வர்றேன். லீக் தீர்ப்பு வந்தாச்சு. மார்ச்ல வாங்கின கசின்ஸ், மூனி, வோர்னர் மூணு பேர் விஷயத்துலயும் லீக் அனுமதிக்கிற நேரத்துக்கு முன்னாடியே பேசினதா முடிவு. 2025 ஐந்தாம் ரவுண்டு பிக் பறிபோச்சு, அணிக்கு 2.5 லட்சம் டாலர் அபராதம், ஃபாண்டனோவுக்கு 50 ஆயிரம். கசின்ஸ் விலைப்பட்டியல்ல ஒரு வரி கூடியிருக்கு.

ரெட்சோன்_ரேவதி | 15 ஆகஸ்ட் 2024

அடுத்த வரி. டிரைஸ் மயாமியில நடந்த முதல் ப்ரீசீசன் ஆட்டத்துலேயே ஏசிஎல் கிழிச்சுக்கிட்டார், சீசன் முடிஞ்சது. அஞ்சே நாள்ல நியூ இங்கிலாந்துக்கு 2025 மூணாம் ரவுண்டு பிக் கொடுத்து மேத்யூ ஜூடானை வாங்கியாச்சு. 32 வயசு, ஒப்பந்தத்துல ஒரே வருஷம் மிச்சம், போன சீசன்ல பைசெப்ஸ் கிழிஞ்சு நாலே ஆட்டம்.

இதுதான் ஏப்ரல்லயே பயந்தது. எட்ஜ் இடத்துக்கு ஒரே ஒரு மூணாம் ரவுண்டு பையனை நம்பினா, அவன் முழங்கால் போற அன்னிக்கு எதிர் அணிக்காரன் சொல்ற விலையைத்தான் கொடுக்கணும்.

முத்துவேல்_மெர்சிடிஸ்பென்ஸ் | 18 டிசம்பர் 2024

ஏப்ரல்ல என்னைத் திட்டினவங்க வரிசையா வாங்க. கசின்ஸ் பெஞ்ச்ல, ஞாயிற்றுக்கிழமை ஜயண்ட்ஸுக்கு எதிரா பெனிக்ஸ். 6 வெற்றி 3 தோல்வின்னு இருந்து நாலு தொடர் தோல்வி, அந்த நாலுல கசின்ஸ் 0 டச்டவுன், 8 இன்டர்செப்ஷன். சீசன் மொத்தம் 18 டச்டவுன், 16 இன்டர்செப்ஷன். இந்த பிக் இல்லேன்னா இப்போ யாரை இறக்கியிருப்போம்?

பழைய_டேப் | 18 டிசம்பர் 2024

முத்து சொல்வது நியாயம். கசின்ஸ் சரிந்த காரணத்தையும் பதிவு செய்துவிடுவோம். அவருடைய பிழைப்பே சென்டருக்குக் கீழே நின்று, முதுகைக் காட்டித் திரும்பி, ப்ளே ஆக்ஷனில் (பந்தை ஓட்டக்காரரிடம் கொடுப்பதுபோல் ஏமாற்றி) ஓரமாக நகர்ந்து எறிவது. இந்த வருஷம் அவரைப் பெரும்பாலும் சென்டரிலிருந்து சில கஜம் பின்னால், பிஸ்டலிலும் ஷாட்கன்னிலும் நிறுத்தினார்கள். வலது பின்காலை ஊன்றி உந்த வேண்டிய எறிகளில் பந்து தொங்கியது, நடுவில் விழுந்தது. லைன்பேக்கர்கள் பின்வாங்க வேண்டிய பயமே இல்லாமல் எறியும் பாதையில் நின்றார்கள். எறிபவர் நகர முடியாதென்று தெரிந்துவிட்டால் டிஃபென்ஸுக்கு வேலை பாதியாகிறது.

கேப்_கணக்கன் | 7 ஜனவரி 2025

சீசன் முடிவு 8-9. பெனிக்ஸ் ஆடின மூணுல ஜயண்ட்ஸை 34-7 ஜெயிச்சோம், கமாண்டர்ஸ்கிட்டயும் பாந்தர்ஸ்கிட்டயும் ஓவர்டைம்ல தோத்தோம். கடைசி ஆட்டத்துல 38 புள்ளி எடுத்தும் தோல்வி, 44 விட்டுக்கொடுத்தோம். மொத்த அணிக்கும் 31 சாக். ஏப்ரல்ல பாண்டி சொன்ன ஓட்டை அதே இடத்துல, அதே அளவுல. வெர்ஸ் ராம்ஸ்ல என்ன பண்ணிட்டு இருக்கார்னு பார்த்துக்கோங்க.

ரூகேவுக்குக் கணுக்கால்ல பாதி சீசன் போச்சு. டார்லஸ் பெரும்பாலான ஞாயிறுகள்ல சீருடையே போடல.

பீச்ட்ரீ_பாண்டி | 18 மார்ச் 2025

ஐந்தாம் நாள் தாண்டியாச்சு, கசின்ஸ் இன்னும் அணியில. அந்த 1 கோடி உறுதி. டிரேட் மறுப்பு உரிமை அவர் கையில. 27.92 கோடி கேப்ல 4 கோடி மாற்று குவார்ட்டர்பேக்குக்கு, ஆட வேண்டியவருக்கு 52 லட்சம். மலிவு வருஷத்தோட லாபம் முழுசும் பெஞ்ச்ல உட்கார்ந்திருக்கு. கிரேடி ஜாரெட்டை விடுவிச்சதையும் இதோட சேர்த்துப் படிங்க.

28க்கு3 | 25 ஏப்ரல் 2025

15-ல ஜேலன் வாக்கர், ஜார்ஜியா. சந்தோஷம். அதோட நிக்காம ராம்ஸ்கிட்ட போய் 26-க்கு ஏறி ஜேம்ஸ் பியர்ஸ். ஒரே ராத்திரியில ரெண்டு எட்ஜ்! ஆனா கொடுத்தது 46, 242, அப்புறம் 2026 முதல் ரவுண்டு. வந்தது 26, 101. கணக்கரே, போடுங்க.

கேப்_கணக்கன் | 25 ஏப்ரல் 2025

26-க்கு 700, 101-க்கு 96, வந்தது 796. 46-க்கு 440, 242-க்கு ஒரு புள்ளி. இடைவெளி 355. அதுதான் அடுத்த வருஷ முதல் பிக்குக்கு நாம போட்டுக்கிட்ட விலை, அதாவது இந்த வருஷ 54, 55-வது பிக் மாதிரி.

வழக்கமா ஒரு வருஷம் தள்ளிப்போற பிக்கை ஒரு ரவுண்டு குறைச்சு மதிப்பாங்க. நடு முதல் ரவுண்டுன்னு வெச்சா 48-க்குச் சமம், 420. அப்படிப் பார்த்தா 65 புள்ளிதான் கூடுதல், நாலாம் ரவுண்டு பிக் ஒண்ணு. ஆனா அடுத்த வருஷம் நாம சொதப்பி அந்த பிக் 10-ல நின்னா ராம்ஸ் கையில 1300.

ஏன் அடுத்த வருஷத்தைத் தொட்டாங்கன்னா, இந்த வருஷப் பையில இருந்தது அஞ்சே பிக். மூணாம் ரவுண்டு ஜூடானுக்குப் போச்சு. ஐந்தாம் ரவுண்டு கசின்ஸ்கிட்ட முன்கூட்டியே பேசினதுக்கு அபராதமாப் போச்சு.

ரெட்சோன்_ரேவதி | 25 ஏப்ரல் 2025

2017-லயும் மேல ஏறி இதே 26-ல ஒரு எட்ஜ் எடுத்தோம். டக் மெக்கின்லி.

முத்துவேல்_மெர்சிடிஸ்பென்ஸ் | 25 ஏப்ரல் 2025

வாயைக் கழுவுங்க ரேவதி.

பழைய_டேப் | 26 ஏப்ரல் 2025

பியர்ஸின் முதல் அடி நன்றாக இருக்கிறது. வெளித்தோளைத் தாண்டும் வேகம் மெக்கின்லியிடம் இல்லாதது. ஓட்டம் அவர் பக்கம் வரும்போது உள்ளே சரிகிறார், ஓரத்தைத் திறந்துவிடுகிறார். முதல் இரண்டு டவுனில் வாக்கரை அந்தப் பக்கம் நிறுத்தி, மூன்றாம் டவுனில் பியர்ஸை இறக்கினால் ஒன்றின் குறையை இன்னொன்று மூடும். டிஃபென்ஸ் கோச் அல்ப்ரிக் அப்படித்தான் செய்வார் என்று நினைக்கிறேன். புது இழை திறந்தால் இருவருடைய டேப் குறிப்பையும் அங்கே போடுகிறேன்.

பீச்ட்ரீ_பாண்டி | 26 ஏப்ரல் 2025

திறந்தாச்சு ஐயா. இதைப் பூட்டுறேன்.